வெண்பற்கள் பெறும் வழி



முகத்திற்கு அழகு தருவது புன்னகை. அப்புன்னகைக்கு அழகு தருவன பற்கள். வெண்மையான பல்வரிசையை முத்துக்கு ஒப்பிடுவது தமிழர் மரபு. ‘பல் போனால் சொல் போச்சு’ என்றும், ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்றும் நம் முன்னோர் பழமொழிகள் வழங்கியுள்ளனர். பல்லைப் பேணும் அக்கறை நமக்குப் புதிதன்று என்பது இவற்றால் விளங்கும்.

பற்கள் வெண்மையாக இருத்தல் வேண்டும் என்று விரும்புவதில் தவறேதுமில்லை. ஆயினும், அவ்விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்ளும் வழியே ஆராயத்தக்கது. “கரித்தூளால் துலக்கு” என்பார் ஒருவர். “எலுமிச்சைத் தோலைத் தேய்” என்பார் மற்றொருவர். “உப்பைப் போல் சிறந்தது வேறில்லை” என்பார் இன்னொருவர். இக்காலத்தில் கைப்பேசித் திரையிலும் இத்தகைய அறிவுரைகள் மலிந்து கிடக்கின்றன. இவற்றுள் கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை என்பதை அறிவியலின் துணைகொண்டு காண்போம்.

பல்லின் அமைப்பு

மனிதருக்கு இரு தொகுதிப் பற்கள் உண்டு. முதலில் முளைப்பவை பாற்பற்கள். அவை 20. ஏறத்தாழ ஆறு வயதில் அவை ஒவ்வொன்றாக விழத் தொடங்க, நிலைத்த பற்கள் முளைக்கின்றன. ஞானப்பற்களையும் சேர்த்து அவை 32 ஆகும். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பாற்பல்லும் விழாமலே அது தோன்றுவதால், பலர் அதனையும் பாற்பல் என்றே எண்ணிக் கவனியாது விடுகின்றனர். உண்மையில் அது முதுமை வரை நமக்கு உழைக்க வேண்டிய பல்லாகும்.

பல்லின் மேலே போர்வையாக அமைந்திருப்பது எனாமல் எனப்படும் பற்சிப்பி. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு சுண்ணமும் பாசுவரமும் கலந்த தாதுப்பொருளாகும். மனித உடலில் உள்ள பொருள்கள் யாவற்றினும் அதுவே மிகக் கடினமானது; எலும்பினும் கடினமானது. பற்சிப்பியின் கீழே டென்டின் என்னும் பகுதி உள்ளது. அது இயல்பாகவே இளமஞ்சள் நிறமுடையது. அதன் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் பொதிந்த பற்கூழ் இருக்கின்றது.

இங்கு இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, பற்சிப்பி மீண்டும் வளராது. விரலில் வெட்டுக்காயம் பட்டால் தோல் ஆறிவிடுகின்றது; எலும்பு முறிந்தால் கூடிவிடுகின்றது; முடியை வெட்டினால் வளர்கின்றது. முளைத்த பல்லின் பற்சிப்பியிலோ உயிரணுக்கள் இல்லை. தேய்ந்தும் கரைந்தும் போன பற்சிப்பியை நம் உடல் மீண்டும் ஆக்கித் தருவதில்லை.

இரண்டாவது, பற்சிப்பி ஓரளவு ஒளியை உள்ளே விடும் தன்மையுடையது. ஆதலின், அதன் கீழுள்ள டென்டினின் மஞ்சள் நிறம் சிறிது வெளியே தெரியும். தாளைப் போன்ற வெண்மை பல்லுக்கு இயற்கையன்று.

புதிய பல் மஞ்சளாய்த் தோன்றுவதேன்?

இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. புதிதாய் முளைத்த முன்பல், பக்கத்திலுள்ள பாற்பல்லைவிட மஞ்சளாய்த் தெரிகின்றது. “சரியாகத் துலக்காததால் வந்த அழுக்கு” என்று பிறர் கேலி செய்வதும் உண்டு. அது அழுக்கன்று. பாற்பற்கள் இயல்பாகவே மிகுந்த வெண்மை உடையன. நிலைத்த பற்களில் டென்டின் மிகுதி. ஆதலால் அவை சற்று மஞ்சள் சாயலுடன் தோன்றுகின்றன. பாற்பற்கள் யாவும் விழுந்து எல்லாம் ஒரே வகைப் பற்களான பின் அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. இதனை அறியாத சிறுவர், நலமாயுள்ள பல்லை நோயுற்றதென்று கருதி, கரியும் எலுமிச்சையும் கொண்டு தேய்க்கத் தொடங்குகின்றனர். அப்பொழுதுதான் முளைத்த பல்லின் பற்சிப்பி முழு உறுதி பெற்றிராது. அதனைத் தேய்த்து அரித்தல் பெருந்தீங்கு விளைவிக்கும்.

கறைகள் இருவகை

பல்லில் காணும் கறைகளைப் புறக்கறை, அகக்கறை என இரண்டாகப் பிரிக்கலாம்.

தேநீர், கோப்பி, சோயாக் குழம்பு, மஞ்சள் சேர்ந்த கறி முதலியவற்றின் நிறப்பொருள்கள் பல்லின் மேற்பரப்பில் படிவதால் உண்டாவது புறக்கறை. இரும்புச் சத்துள்ள நீர்மருந்தாலும் கருங்கறை படிவதுண்டு. ஒழுங்காகத் துலக்காத பற்களின் மீது நுண்ணுயிர்கள் கூடிப் பற்படலமாகப் படியும். அது நாளடைவில் இறுகிப் பற்காரையாகும். பற்காரை வீட்டு மருந்து எதனாலும் நீங்காது. பல் மருத்துவரே கருவி கொண்டு அகற்றுதல் வேண்டும். வெற்றிலை பாக்கால் பற்கள் சிவந்து கறுப்பதை முதியோரிடம் கண்டிருப்பீர்கள். அங்குப் பற்கறை சிறு தீமையே. பாக்கு புற்றுநோயை விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது.

பல் உருவாகும்போதே அதனுள் அமைந்துவிடுவது அகக்கறை. டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைச் சிறு வயதில் உட்கொண்டால், உருவாகி வரும் பற்கள் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ அமையும். கீழே விழுந்து அடிபட்ட பல், உள்ளே பற்கூழ் இறந்து கறுப்பதும் உண்டு. இத்தகைய கறைகளை எத்தனை நாள் தேய்த்தாலும் போக்க இயலாது. சுவருக்குள் ஊறிய ஈரத்தை மேலே துடைத்துப் போக்க முடியுமா? அதுபோன்றதே இதுவும்.

பழுப்புப் பல் கற்பித்த பாடம்

வெண்மையும் வலிமையும் ஒன்றல்ல என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1901ஆம் ஆண்டில் பிரடெரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யச் சென்றார். அங்குப் பிறந்து வளர்ந்தவர் பலரின் பற்கள் பழுப்புக் கறையுடன் விளங்கக் கண்டு வியந்தார். பல்லாண்டுகள் ஆராய்ந்த அவர் மற்றொரு வியப்பையும் கண்டார். கறைபடிந்த அப்பற்களில் சொத்தை மிகக் குறைவாகவே இருந்தது! குடிநீரில் மிகுதியாய்க் கலந்திருந்த புளூரைடு என்னும் பொருளே அக்கறைக்குக் காரணம் என்பது 1931இல் வெளிப்பட்டது.

புளூரைடு அளவுக்கு மிஞ்சினால் கறை; அளவோடு இருந்தால் பல்லுக்குக் காவல் என்பதை அறிஞர் உணர்ந்தனர். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் குடிநீரில் சிறிதளவு புளூரைடு சேர்க்கும் முறை முதன்முதலாகத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1950களிலேயே அம்முறை நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் 1972இல் அது தேசியத் திட்டமாக ஏற்கப்பட்டது. பார்வைக்கு அழகற்ற பற்களே, நம் குழாய் நீரின் வழியாக எத்தனையோ குழந்தைகளின் பற்களைக் காக்கும் அறிவை உலகுக்கு அளித்தன.

இரண்டு வினாக்கள்

வீட்டு மருந்து எதுவாயினும், அதனைப் பல்லில் இடுமுன் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். இது பல்லைத் தேய்க்குமா? இது பல்லை அரிக்குமா?

தேய்த்தல் என்பது கடினத்தைப் பொறுத்தது. 1812இல் பிரடெரிக் மோஸ் என்னும் செருமானிய அறிஞர், தாதுப்பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். பற்சிப்பியின் கடினம் ஏறத்தாழ 5. மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் 7. சமையல் சோடாவின் கடினம் ஏறத்தாழ 2.5. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. எனவே மணல் பல்லைக் கீறும். சோடா எளிதில் கீறாது.

அரித்தல் என்பது புளிப்பாகிய அமிலத்தைப் பொறுத்தது. அமிலத்தின் தன்மையைப் பிஎச் அளவால் குறிப்பர். தூய நீரின் அளவு 7. எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஏறத்தாழ 5.5க்குக் கீழே சென்றால் பற்சிப்பியின் தாதுக்கள் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் அளவு 2க்கும் 3க்கும் இடைப்பட்டது.

வீட்டு முறைகளை ஆராய்வோம்

கரியும் சாம்பலும்: பற்பசை எளிதில் கிடைக்காத காலத்தில் நம் மக்கள் அடுப்புக் கரியாலும் உமிக்கரியாலும் பல் துலக்கினர். கிடைத்ததைக் கொண்டு தூய்மை பேணிய அவர்தம் பழக்கம் இகழத்தக்கதன்று. ஆயினும், உமியில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா மிகுதி. கரியின் பொடியும் ஒரே சீராக இராது. கீறல் விழச் செய்யும். ஈறுகளின் இடுக்குகளில் தங்கும். இன்று கடைகளில் விற்கும் கரிப்பசைகள் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை, 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவை தீங்கற்றவை என்பதற்கும் பயனுள்ளவை என்பதற்கும் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

செங்கற்பொடியும் மணலும்: இவை பாத்திரம் துலக்கவே தகும், பல்லுக்கு அறவே ஆகா.

எலுமிச்சையும் புளிக்காடியும்: எலுமிச்சையைத் தேய்த்தவுடன் பல் பளிச்சிடுவது போல் தோன்றும். அமிலம் மேற்பரப்பைக் கரைப்பதே அதற்குக் காரணம். தொடர்ந்து தேய்த்தால் பற்சிப்பி மெலிந்து, உள்ளேயுள்ள டென்டினின் மஞ்சள் முன்னினும் மிகுதியாய்த் தெரியும். வெண்மையை நாடியவர் மஞ்சளையே பெறுவர்! குளிர்நீர் பட்டாலும் பல் கூசும். வினிகர் என்னும் புளிக்காடியும் இத்தகையதே.

ஸ்ட்ராபெரிப் பழம்: கேமரன் மலையில் விளையும் இப்பழத்தை மசித்துப் பல்லில் பூசச் சொல்வோர் உளர். இதிலும் அமிலங்கள் உள்ளன. பழத்தை உண்டு மகிழ்க. பல்லில் பூச வேண்டா.

உப்பு: வாய்ப்புண் உற்றபோது இளஞ்சூடான நீரில் சிறிது உப்பிட்டுக் கொப்பளித்தல் நன்று. பருமனான கல்லுப்பைக் கொண்டு தேய்த்தால் ஈறு புண்படும்.

மஞ்சள் தூள்: துணியில் பட்டால் கறையாகும் பொருள் பல்லை வெளுக்கச் செய்யும் என்று நம்புதற்குத் தக்க சான்றில்லை.

தேங்காய் எண்ணெய்: எண்ணெய்க் கொப்பளிப்பு பல்லை வெளுக்கச் செய்யும் என்பது உறுதிப்படவில்லை. சிறுவர் இதனைச் செய்தல் ஆகாது. எண்ணெய் தவறி மூச்சுக்குழலுள் புகக்கூடும்.

வேப்பங்குச்சியும் காயு சூகியும்: வேப்பங்குச்சி நம்மவர் பழக்கம், காயு சூகி மலாய் நண்பர்கள் பயன்படுத்துவது. நுனியை மென்று நாராக்கித் துலக்கினால் மேற்பரப்புப் படலம் நீங்கும். பழகாதவர் அழுத்தித் தேய்த்தால் ஈறு கிழியும். பல்லின் உட்புறத்தையும் கடைவாயையும் எட்டுதல் அரிது. ஆதலின், இதனைத் துணையாகக் கொள்ளலாம்.

சமையல் சோடா: ஆப்பச் சோடா என நம் வீட்டில் வழங்கும் இது, புறக்கறையை மெல்ல நீக்க வல்லது. பற்சிப்பியைவிட மென்மையானது, அமிலத்தன்மை அற்றது. பெரியவர்கள் வாரத்திற்கு ஒருமுறை, ஈரமான பல் துலக்கியில் சிறிதளவு தொட்டு, அழுத்தாமல் துலக்கி, நன்கு கொப்பளிக்கலாம். ஆனால், சொத்தையைத் தடுக்கும் புளூரைடு இதில் இல்லை. எனவே பற்பசைக்கு மாற்றாகாது. எலுமிச்சையுடன் இதனைக் கலத்தலும் கூடாது. சிறுவர்க்குப் பற்பசையே போதும்.

வெளுப்பு மருந்துகள்: ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்துகளைப் பல் மருத்துவர் அளவறிந்து பெரியவர்க்குப் பயன்படுத்துவர். அவை வளரும் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. தாமே வாங்கி இட்டுக் கொண்டால் ஈறு வெந்து புண்ணாகும்.

செய்து பார்ப்போம்

மேற்கூறியவற்றை உங்கள் கண்ணாலேயே காணலாம். ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் இதனைச் செய்க.

தேவையான பொருள்கள்: வெள்ளை ஓடுடைய அவித்த முட்டைகள் இரண்டு (கோழிமுட்டை பழுப்பாயிருப்பின் வாத்து முட்டையைக் கொள்ளலாம்), இரண்டு கண்ணாடிக் குவளைகள், பாலில்லாத கடுந்தேநீர், வினிகர், பழைய பல் துலக்கி, பற்பசை.

செய்முறை: முதல் முட்டையைத் தேநீரிலும், இரண்டாவதை வினிகரிலும் மூழ்க வைத்து ஓர் இரவு விடுக. மறுநாள் முதல் முட்டை பழுப்பாயிருக்கும். அதன் ஒரு பாதியைப் பற்பசையால் மெதுவாகத் துலக்குக. கறை மங்குவதைக் காண்பீர். இரண்டாவது முட்டையின் மீது சிறு குமிழிகள் எழுந்திருக்கும். அதன் ஓடு மெலிந்து, விரல் பட்டால் உதிரும்.

அறிவது: கறை படிந்த ஓடு துலக்கினால் தூய்மையாயிற்று. அமிலத்தில் கரைந்த ஓட்டையோ மீட்க வழியில்லை. முட்டையோடு சுண்ணக் கார்பனேட்டால் ஆனது. ஆதலால் விரைவில் கரைந்தது. பற்சிப்பி வேறு வகைச் சுண்ணப்பொருளால் ஆனது, மெல்லவே கரையும். மெல்லக் கரைவதால்தான் கேடு வந்த பின்னரே நாம் அறிகின்றோம்.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

பல்லின் இயற்கை வெண்மையைக் காக்கச் செலவு மிகுந்த பொருள் எதுவும் வேண்டா.

1. காலையிலும், இரவு உறங்குமுன்னும், இரண்டு நிமிடம் பல் துலக்குக. மென்மையான தூவிகளுள்ள துலக்கியே நன்று.

2. புளூரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு இடுக. துலக்கிய பின் நுரையைத் துப்பிவிடுக, விழுங்கற்க.

3. ஈறும் பல்லும் சேருமிடத்தில் துலக்கியைச் சாய்த்து, சிறு வட்டமாக மெல்லத் துலக்குக. வலிந்து தேய்த்தல் தூய்மைக்கு அடையாளமன்று.

4. இனிப்பூட்டிய தேநீர், மைலோ, வண்ணப் பானங்கள் முதலியவற்றைக் குறைத்து, அவற்றை அருந்திய பின் வெறும் நீரால் வாயைக் கொப்பளிக்க. தாகத்திற்கு நீரே சிறந்தது.

5. அசாம் போய், புளிப்பு மிட்டாய், எலுமிச்சைப் பானம் ஆகியவற்றை உண்டவுடன் பல் துலக்கற்க. அமிலத்தால் இளகிய பற்சிப்பி எளிதில் தேயும். அரைமணி நேரமேனும் பொறுத்திருந்தால் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, தாதுக்களை மீண்டும் பற்சிப்பியில் சேர்க்கும். உமிழ்நீரே இயற்கை அளித்த முதல் பல் மருந்து!

6. பல் வலியோ கூச்சமோ கரும்புள்ளியோ கண்டால் மறைக்காமல் பெற்றோரிடம் கூறுக.

பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு

பல் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வரும் நாளில் சிலர் அஞ்சி ஒளிந்து கொள்வதுண்டு. அச்சம் வேண்டா. சிறுவர்தம் பற்களைக் காப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று 1949ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கப்பெற்றது. அவர் வழி வந்தவர்களே இன்று உங்கள் பற்களைப் பார்வையிடுகின்றனர். பல்லிலுள்ள கறை புறத்தா, அகத்தா, அன்றிச் சொத்தையின் தொடக்கமா என்பதைக் கண்ணாடி முன் நின்று நாமே முடிவு செய்ய இயலாது. அவர்கள் ஒரு நோக்கில் அறிவர். தொடக்கத்தில் கண்ட சொத்தையைச் சிறிது நேரத்தில் அடைத்துவிடலாம். நாள் கடந்தால் பல்லையே இழக்க நேரிடும்.

முடிவுரை

மாணவர்களே! சட்டை கிழிந்தால் வேறு சட்டை வாங்கலாம். புத்தகம் கிழிந்தால் வேறு புத்தகம் பெறலாம். இன்று உங்கள் வாயில் முளைத்து வரும் பற்களுக்குப் பின் இயற்கை வேறு பல் தருவதில்லை. அவை இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் உங்களுக்கு உணவு மென்று தர வேண்டியவை. தமிழைத் திருத்தமாக ஒலிக்கத் துணைபுரிய வேண்டியவை. ஒரு வாரத்து வெண்மைக்காக அவற்றைத் தேய்த்தும் அரித்தும் கெடுத்தல் அறிவுடைமையாகாது. சற்று மஞ்சளாயினும் சொத்தையற்ற பல்லே அழகிய பல். அதனைத் தூய்மையாகப் பேணுக. வாய் திறந்து நகைக்க நாணற்க.

பயிற்சி வினாக்கள்

1. பற்சிப்பி தேய்ந்தால் மீண்டும் வளராதது ஏன்?

2. புதிதாய் முளைத்த முன்பல், பாற்பல்லைவிட மஞ்சளாய்த் தோன்றுவதற்குக் காரணம் யாது?

3. புறக்கறைக்கும் அகக்கறைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

4. எலுமிச்சையால் பல்லைத் தேய்த்தல் தீது. சமையல் சோடா அத்துணைத் தீதன்று. ‘இரண்டு வினாக்கள்’ என்னும் பகுதியைக் கொண்டு காரணம் கூறுக.

5. உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்கள் சிறுவயதில் எதனைக் கொண்டு பல் துலக்கினர் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.